திங்கள் ஒன்பது, செவ்வாய் நாலரை

என் மனைவிக்கு வரவேண்டிய ஒரு மின்னஞ்சல் வரவில்லை. கணினிச் சர்வர்களைப் பார்த்துப் பிழைக்கும் ஒருவன் வீட்டில் இது எவ்வளவு பெரிய குற்றம் என்பது கலியாணம் ஆனவர்களுக்குத்தான் புரியும். சனிக்கிழமை காலை கோப்பியை மேசையில் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் இமெயில் சரி பண்றீங்க. என்னோடது எங்கலா?"

பாகான் டாலாமில் இருக்கும் அவள் தங்கையின் மகளுக்கு மாதா கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை வரப்போகிறது. அன்றைக்குத் தான் உடுத்தும் சேலைக்கு என் மனைவி இணையக் கடை ஒன்றில் ரவிக்கை தைக்கச் சொல்லியிருந்தாள். துணியும் மாதிரியும் தேர்ந்தெடுத்தாயிற்று. அளவு கேட்டு வரும் படிவம் மட்டும் ஒரு வாரமாக வரவில்லை. அது வந்து, அவள் தோள், கை, கழுத்து என்று நிரப்பி அனுப்பினால்தான் அங்கே கத்தரி துணியைத் தொடும்.

அவள் குரலில் அவ்வளவு காரம் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கடையைக் கட்டிக்கொடுத்ததே நான்தான். ஆயர் ஈத்தாமில், பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பிளாட்டில் குடியிருக்கும் ஓர் அக்கா அதை நடத்துகிறார். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் பொருள்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் அதை விட்டுவிட்டு வீட்டு ஹாலில் மூன்று தையல் இயந்திரங்களைப் போட்டார். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து, சின்ன வியாபாரிகளின் இணையக் கடைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து, "தம்பி, எனக்கும் ஒண்ணு செஞ்சி குடு" என்றார். செய்து கொடுத்தேன். கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பெண்கள் அவரிடம் ரவிக்கை தைக்கிறார்கள் என்று நான்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் அளவுகளை வாட்ஸ்அப்பில்தான் வாங்கினார். ஒரு நாள் ஒரு பெண்ணின் கையளவை இன்னொரு பெண்ணின் ரவிக்கைக்கு வெட்டிவிட்டார். அன்றோடு வாட்ஸ்அப்புக்கு முழுக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சலில் படிவம் போகும், நிரப்பியது நேராக அந்த ஆர்டரின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவும் என் ஏற்பாடுதான்.

அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தவுடன் அவரே முந்திக்கொண்டார்.

"நானே கூப்புடணும்னு இருந்தேன் தம்பி. யாருக்குமே போக மாட்டேங்குது. தீபாவளிக்கு இன்னும் மூணரை வாரந்தான் இருக்கு. ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்கு, அளவு ஒண்ணும் வரல. இப்படியே போனா எல்லாருக்கும் காசத் திருப்பிக் குடுத்துட்டு நான் பிறைக்கே போயிடுறேன். சூப்பர்வைசர் அண்ணே மாசக் கடைசி வரைக்கும் இடம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு."

மாசக் கடைசிக்குப் பத்து நாள்கூட இல்லை. அக்காவுக்கு அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடத்தில் சன்னலே இல்லாத ஒரு கூடத்தில் நின்றுகொண்டு எத்தனை மழை பெய்ததென்று தெரியாமலே வீட்டுக்கு வந்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார். "ஒரு மணி நேரங்கூட ஆகாதுக்கா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் தலைக்கனத்துக்கு அன்றைக்கு நல்ல உடல்நலம்.

உட்கார்ந்து பார்த்தேன். 'இந்தக் கடையின் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சர்வருக்கு உரிமை உண்டு' என்று உலகத்துக்கு அறிவிக்கும் ஒரு பதிவு இருக்கும். அதில் ஒரு வரி பழையதாகக் கிடந்தது. ஆகா, இதுதான் என்று திருத்தினேன். அக்காவின் கடையிலிருந்து என் மனைவிக்கு ஒரு படிவத்தை அனுப்பினேன். சமையலறையில் அவள் கைப்பேசி கிணுகிணுத்தது. "வந்துருச்சு!" என்று கத்தினாள். அன்று மதியம் எனக்கு மீன் தலைக் கறி கிடைத்தது. என் தட்டில்தான் பெரிய துண்டு.

ஞாயிறு பூசை முடித்து, மாமியார் வீட்டில் சாப்பிட்டு, சீட்டியடித்தபடி திரிந்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, மறுபடியும் போகலலா."

முகத்தில் கரியைப் பூசியதுபோல் இருந்தது. இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கினேன். அதாவது, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சர்வர் எந்த நேரத்தில் யாருக்கு எதை அனுப்பியது என்று தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்து, இரண்டு வாரக் குறிப்புகளை வரி வரியாகப் படித்தேன்.

படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. நாள் முழுவதும் அந்தச் சர்வர் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை. திடீரென்று ஒரு நேரத்தில், ஒரே நிமிடத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை அள்ளிக் கொட்டுகிறது. அது வாடகைச் சர்வர். மணிக்கு இத்தனை கடிதம்தான் என்று ஒரு வரம்பு உண்டு. வரம்புக்கு மேல் போனதெல்லாம் தடுக்கப்பட்டுவிட்டது. தப்பிப் போன கொஞ்சத்தையும் அங்கே வாங்கிக்கொள்ளும் சர்வர்கள் சந்தேகப்பட்டுக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டன. நாளெல்லாம் வாய் திறக்காத ஒருவன் திடீரென்று நூறு பேர் காதில் ஒரே சமயத்தில் கத்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அதுவரை எனக்குப் புரிந்தது. நேரம்தான் புரியவில்லை. ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். திங்கள் ஒன்பது மணி. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூன்று. வெள்ளி பன்னிரண்டு. சனி பத்தரை. ஞாயிறு மாலை ஆறு. போன வாரமும் அதேதான், அதற்கு முந்தின வாரமும் அதேதான். நிமிடம்கூடப் பெரிதாகப் பிசகவில்லை. ஏறுவரிசையும் இல்லை, இறங்குவரிசையும் இல்லை. கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். மனிதர்கள் யாரும் இப்படி ஒரு கால அட்டவணை போட்டு வேலை செய்ய மாட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

திருடன்! அக்காவின் கடவுச்சொல்லை எவனோ திருடி, உள்ளே ஒரு கள்ள நிரலை ஒளித்துவைத்திருக்கிறான். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் ஏவிவிடுகிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் யாரிடம்?

செவ்வாய்க்கிழமை மதியம் கடவுச்சொல்லை மாற்றினேன். அக்காவிடம் சொல்ல இரண்டு முறை கூப்பிட்டேன். தையல் இயந்திரச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. நாலேகாலிலிருந்து குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, பூனை எலிப்பொந்துமுன் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தேன். நாலரை ஆனது. ஒன்றுமில்லை. நாலு முப்பத்தைந்து. ஒன்றுமில்லை. எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டேன். மனைவியைக் கூப்பிட்டு, "திருடன் மாட்டிக்கிட்டான்" என்றேன். "யாரு?" என்றாள். "அது இனிமேதான் தெரியும்" என்றேன்.

நாலு நாற்பதுக்கு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, பத்து நிமிஷமா முட்டிக்கிட்டு இருக்கேன். என் கடைக்குள்ள என்னாலயே போக முடியலலா!"

அசடு வழியப் புதுக் கடவுச்சொல்லைச் சொன்னேன். ஐந்து மணிக்கு முன்பே குறிப்பேட்டில் நூற்றுப்பத்து கடிதங்கள் கொட்டின, வரம்பில் முட்டி விழுந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. திருடனுக்கு அரை மணி நேரத்தில் புதுக் கடவுச்சொல்லும் கிடைத்துவிட்டதே என்று அவனை இன்னும் அதிகமாக மதிக்கத் தொடங்கினேன். அவ்வளவு பெரிய மூளை எனக்கு.

புதன்கிழமை நேரிலேயே போய்விடுவது என்று கிளம்பினேன். ஒன்றரை மணி அடுத்த கொட்டலுக்கான நேரம். அக்காவின் கணினி முன்னால் உட்கார்ந்து கையும் களவுமாகப் பிடிக்கலாம். மலைப் பக்கம் மழை கட்டியிருந்தது. மோட்டாரில் நனையாமல் போய்ச் சேர்ந்தேன். ஒன்பதாவது மாடி. ஹால் முழுக்கத் துணிக் கட்டுகள். உதவிக்கு வரும் இரண்டு பெண்களும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அக்கா மட்டும் கணினி முன்னால், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் நூற்றுச் சொச்சம் பெயர்கள், எல்லாவற்றுக்கும் நேராகச் சரி போட்ட கட்டங்கள், கீழே 'அனுப்பு' என்ற பொத்தான்.

நான் திரையையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"என்னக்கா செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. ராகு காலம். ஒன்றரைக்கு முடியும். முடிஞ்சோன எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பிடுவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். கெட்ட நேரம் கழிஞ்ச கையோட அனுப்பிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி. பதில் போடாதவங்களுக்கும் சேத்து மறுபடி அனுப்புவேன். அவுங்களுக்குப் போய்ச் சேரலையோ என்னவோன்னு."

சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்தேன். கடிகாரத்துக்குக் கீழே தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் தொங்கியது. அதன் அட்டையில் ஏழு கிழமைக்கும் ராகு காலம் அச்சிட்டிருந்தது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. என் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அந்த அட்டையில் வலப்பக்க வரிசையில் அப்படியே இருந்தது. மூன்று நாளாக நான் துரத்திய அந்த மகா கெட்டிக்காரத் திருடன், பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் கோப்பி வேண்டுமா, தேத்தண்ணியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் துணிக்கட்டு ஒன்றின்மேல் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா முதலில் பயந்துபோனார். தாளைக் காட்டி, திருடன் கதையை முழுவதும் சொன்னதும் அவரும் சேர்ந்துகொண்டார். அவர் சிரித்த சிரிப்பில் ஊசிப் பெட்டி கவிழ்ந்தது. எங்கள் வீட்டில் தொங்குவது மாதா கோயிலில் கொடுக்கும் காலண்டர். அதில் புனிதர்கள் உண்டு, ஒருசந்தி விரத நாள்கள் உண்டு, ராகு காலம் கிடையாது. அப்படி ஒன்று இருப்பது தெரியும், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று யார் மனப்பாடம் செய்தார்கள்? ஆயர் ஈத்தாம் பாசாரில் அந்தத் தாளை யாரிடம் காட்டியிருந்தாலும் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்கள்.

"ஆனா அக்கா, ஆர்டர் வந்தவுடனே ஒண்ணொண்ணா தானாவே போற மாதிரிதானே நான் செஞ்சி குடுத்தேன்?"

அக்கா கொஞ்சம் நெளிந்தார்.

"அத நான் நிறுத்தி வச்சிட்டேன் தம்பி. மனுஷி நான் நேரம் பாக்குறேன். மெஷின் பாக்குமா? ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு அது பாட்டுக்கு ஒரு ஆளுக்கு அனுப்பிருச்சு. நல்ல ராகு காலத்துல! அந்த ப்ளவுஸ் என்னாச்சு தெரியுமா? எடது கைய வலது பக்கம் வச்சுத் தச்சுட்டேன்."

அதைத் தைத்த கை ராகுவுடையதா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. புதுக் கார் வாங்கியபோது அதைக் கோயில் வாசலில் நிறுத்தி, ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகே சாலையில் வேகமாக ஓட்டியவன் நான். அதோடு, போன வருடமெல்லாம் நாளைக்கு எட்டுப் பத்து ஆர்டர்தான். ஒன்றாகச் சேர்த்து அனுப்பினாலும் வரம்பைத் தொடவில்லை. இந்தத் தீபாவளிக்குத்தான் கூட்டம் வந்தது. வியாபாரம் நன்றாக நடந்ததால்தான் வியாபாரம் நின்றுபோனது.

ஒன்றரை ஆனது. அக்காவின் கை பொத்தானை நோக்கிப் போனது. பாய்ந்து பிடித்தேன்.

"அக்கா, கீழ பாசார்ல ஒரு சின்னக் கடை. காலையிலேருந்து ஒரு ஆள் வரல. திடீர்னு நூறு பேரு ஒண்ணா ஓடி வந்தா, பக்கத்துல நிக்கிற காவக்காரர் என்ன நெனைப்பாரு?"

"சண்டைன்னு நெனைப்பாரு."

"அதேதான். கதவச் சாத்திருவாரு. நம்ம இமெயிலுக்கும் அதுதான் நடக்குது. பத்துப் பேரா, பத்துப் பேரா விடணும்."

அக்கா யோசித்தார். "சரி. ஆனா ராகு காலத்துல ஒண்ணுகூடப் போகக் கூடாது."

"போகாது. உங்க சர்வருக்கு நான் ராகு காலம் சொல்லிக் குடுக்குறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மொத்தமே இருபது வரிதான் இருக்கும். ஆர்டர் வந்ததும் படிவம் தானாகப் போக வேண்டும். அந்தந்தக் கிழமையின் ராகு காலத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காலம் முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப வேண்டும். பதில் போடாதவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டும் நினைவூட்ட வேண்டும். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று, காலண்டர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பதினோரு வருடம் பொருள்களைச் சரிபார்த்தவர் அல்லவா, சனிக்கிழமைக்கு நான் அரை மணி தப்பாகப் போட்டதைப் பிடித்துவிட்டார்.

"எமகண்டமும் போடணுமாக்கா?"

"வேணாம்லா. அதையெல்லாம் பாத்தா பொழப்பு நடக்காது."

"குளிகை?"

"ஐயோ, குளிகையில தாராளமா அனுப்பு! குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். ஆர்டரும் திரும்பத் திரும்ப வரட்டும்."

தேங்கிக் கிடந்த கடிதங்கள் முழுவதும் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆயிற்று. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை, என் மாடி அறையிலிருந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரிகூட நகரவில்லை. மூன்று மணிக்குப் பத்து வரி வந்தது, கொஞ்சம் கழித்து இன்னும் பத்து. எந்த வாடிக்கையாளருக்கும் நான் இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்து கொடுத்ததில்லை. அறையில் தனியாக உட்கார்ந்து ஈயென்று இளித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே குப்பைப் பெட்டிக்குள் விழுந்தவற்றை, அக்கா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் மனைவியின் ரவிக்கையை வாங்கிவரப் போனேன். ஹாலில் மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நிரப்பிய படிவம் ஒன்று வந்துசேரும்போதெல்லாம் கணினி ஒருமுறை மணியடிக்கும். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் ஆறேழு தடவை அடித்துவிட்டது. ஒவ்வொரு மணிக்கும் தையல் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா தரையில் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கைப்பேசி அடித்தது. கையெல்லாம் சுண்ணம். என்னை அமுக்கச் சொன்னார். அமுக்கி, சத்தமாகப் பேசும்படி வைத்தேன். பிறை தொழிற்சாலை சூப்பர்வைசரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, மாசக் கடைசி வந்துருச்சு. ஆபீஸ்ல பேரு கேக்குறாங்க. திங்கக்கெழம வந்துருவியா?"

இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அக்கா சுண்ணக்கட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அது என் வேலையும் அல்ல, என் வியாபாரமும் அல்ல. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா, வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"அண்ணே," என்றார் அக்கா. "நான் வரலண்ணே."

"நல்லா யோசிச்சியா? நெலையான வேலைலா. தீபாவளி முடிஞ்சா ஆர்டர் கொறஞ்சு போயிடும்."

"யோசிச்சாச்சுண்ணே. கொறஞ்சா கொறையட்டும். இங்க இப்ப நூத்துப் பதினாலு ப்ளவுஸ் கையில கெடக்கு. எல்லாத்துக்கும் அளவு வந்துக்கிட்டு இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு.

"நூத்துப் பதினாலா! அப்ப என் வீட்டுக்காரிக்கும் ஒண்ணு போடும்மா. தீபாவளிக்குக் கெடைக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கணினியில் உட்கார்ந்து, சூப்பர்வைசர் சொன்ன முகவரியைத் தட்டி, ஆர்டரைப் பதிந்தேன். படிவம் தானாகப் போனது.

"வந்துச்சாண்ணே?"

"இரு இரு. கண்ணாடியப் போட்டுக்கிறேன்." நாங்கள் நாலு பேரும் ஒரு சின்னக் கைப்பேசியைப் பார்த்துக் குனிந்திருந்தோம். "ஆங், வந்துருச்சு. தோளு, கை, கழுத்து எல்லாம் கேக்குது. சரிம்மா, அப்ப ஒன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுறவா?"

"போடுங்கண்ணே, போடுங்க!" என்றார் அக்கா, கலியாண விருந்தில் பாயசம் வேண்டுமா என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாயெல்லாம் சிரிப்பு.